சிறு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு

ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் கீழே இருந்தால் நவீன அடிமைமுறை பற்றி அறிக்கை தர வேண்டாம். நாலு வேன் வைத்து வீடு மாற்றித் தருபவருக்கு இதில் என்ன வேலை என்கிறார்கள் சிலர். இது அரைகுறை வாதம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தில் அந்த வரம்பு அறிக்கைக்கு மட்டுமே. அடிமைப்படுத்தும் குற்றத்துக்கு வரம்பே கிடையாது. ஆயுள் தண்டனை வரை உண்டு.

மாதக் கடைசியில் ஆள் பற்றாமல், ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குப் போன் போடுவது சிறு நிறுவனம்தான். வந்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்டவர்களா என்று அறிய அதுவும் சில கேள்விகள் கேட்க வேண்டும். பீரோ தூக்க வந்த மூவரின் கூலியும் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறதா? அவர்கள் பாஸ்போர்ட் யார் கையில்? வேன் கழுவுமிடத்தில் அவ்வளவு மலிவு எப்படி? இதைக் கேட்கத் தனி அதிகாரி வேண்டாம், முதலாளியே போதும். சந்தேகம் வந்தால் ஏஜென்டிடம் அல்ல, போலீஸிடம் சொல்லுங்கள்.