எழுத்தில் இல்லாததை இயந்திரம் எப்படிப் பெயர்க்கும்?

சித்தூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. அந்த வீட்டுத் தெலுங்கிலிருந்து 'வச்சிந்தி' என்ற ஒரே ஒரு சொல்லைத் தமிழாக்கிப் பார்க்கலாம். பெண் வந்தாலும் 'வச்சிந்தி', பேருந்து வந்தாலும் 'வச்சிந்தி'. தமிழிலோ ஒன்று 'வந்தாள்', மற்றது 'வந்தது'. எதைப் போடுவது என்பதற்கு அந்தச் சொல்லில் விடை இல்லை. வாசலை எட்டிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். மென்பொருளை ஒரு நிரலாக்க மொழியிலிருந்து இன்னொன்றுக்கு இயந்திரமே மாற்றிவிடும் என்று இன்று பரவலாக நம்பப்படுகிறது. வாசலை எட்டிப் பார்க்க வேண்டிய தேவையையே அந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை. ஃபோர்ட்ரானிலோ கோபோலிலோ சியிலோ எழுதிய பழைய நிரலை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் பைத்தானோ ஜாவாவோ ரஸ்டோ வந்து விழும், அத்தோடு பழமையும் அதன் தொல்லைகளும் தீரும் என்கிறார்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நிரலின் பொருள் முழுவதும் அதன் எழுத்தில் இருக்கிறது என்று கொள்வது முதல் தவறு. மொழியின் வயதுதான் நோய் என்று கொள்வது இரண்டாவது.

எழுத்தை மட்டும் பெயர்ப்பது கடினமல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோர்ட்ரானில் I முதல் N வரையான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், வேறு அறிவிப்பு இல்லையென்றால், முழு எண்கள். வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். இருபரிமாண அட்டவணை நினைவகத்தில் பத்தி பத்தியாக அடுக்கப்படும். சியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், அடுக்கு வரி வரியாகப் போகும். இவையெல்லாம் விதிகள், விதிகளை இயந்திரம் பிசகாமல் பின்பற்றும். பெல் ஆய்வகத்தார் 1990இல் வெளியிட்ட 'எஃப்2சி' கருவி ஃபோர்ட்ரான் 77 நிரலைச் சிக்கு நேர்மையாகவே மாற்றியது. உலகெங்கும் பயன்படும் 'லாபேக்' என்ற கணித நூலகத்தை அதன் வழியே மாற்றி 'சிலாபேக்' என்று வெளியிட்டார்கள். விடைகள் சரியாகத்தான் வந்தன. ஆனால் அட்டவணைகள் எல்லாம் நினைவக முகவரியைக் காட்டும் சுட்டிகளாகவும் இடப்பெயர்ச்சிக் கணக்குகளாகவும் சிதைந்து கிடந்த அந்தச் சி நிரல், மனிதர் படித்துத் திருத்துவதற்கு ஏற்றதாக இல்லை. திருத்தங்களும் புதிய முறைகளும் மூல ஃபோர்ட்ரானில்தான் சேர்ந்துகொண்டே வந்தன. சிலாபேக் 3.2.1 என்ற பதிப்போடு நின்றுபோனது, லாபேக்கின் 3.12 பதிப்பு 2023இல் வந்தது, அதுவும் ஃபோர்ட்ரானில். பழைய மொழி என்று ஒதுக்கப்பட்டது வளர்ந்தது, புதிய மொழிக்கு வந்தது வளரவில்லை. இயந்திரப் பெயர்ப்பின் வெற்றிக்கதைகளைச் சொல்பவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதிகளுக்கு வெளியே போனால் சிக்கல் ஆழமாகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பழைய ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் பல, துணைநிரலின் உள்மாறிகளை நினைவகத்தில் நிலையான இடத்தில் வைத்தன. அதனால் ஒரு முறை கணக்கிட்ட மதிப்பு அடுத்த அழைப்பிலும் அப்படியே இருந்தது. 'இதைக் காத்து வை' என்று நிரலில் எழுதினால்தான் அதற்கு உத்தரவாதம் என்கிறது மொழியின் தரவரையறை. பலர் எழுதவில்லை, எழுதாமலே ஓடியது. ஆக, விடை சரியாக வந்ததற்குக் காரணம் நிரலின் எழுத்தல்ல, அன்றைய கம்பைலரின் பழக்கம். உள்மாறிகளை ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உண்டாக்கும் மொழிக்கு அதைப் பெயர்த்தால் பெயர்ப்பு எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கும், விடை மட்டும் தவறும். சியிலிருந்து ரஸ்டுக்குப் போகும்போதும் இதே கதைதான். ஒரு சுட்டி ஒற்றைப் பொருளைக் காட்டுகிறதா, ஒரு வரிசையின் தலையைக் காட்டுகிறதா, அந்த நினைவகத்தை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை சி நிரல் சொல்வதில்லை. ரஸ்ட் இவற்றைக் கேட்காமல் விடாது. 'சி2ரஸ்ட்' என்ற தானியங்கிக் கருவி தன் வெளியீட்டில் பெரும்பகுதியைப் 'பாதுகாப்பற்றது' என்ற முத்திரையோடுதான் தருகிறது. 'வச்சிந்தி'யை 'வந்தாள்/வந்தது' என்று இரண்டும் போட்டு எழுதுவதுபோல.

சித்தூர் வட்டாரத்திலேயே இந்தக் கேள்வி உயிரோடு நிற்கும் இடம் ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட அதன் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் 1990களின் தொடக்கத்திலிருந்து மேல்வானத்தை அளந்துவருகிறது. அங்கே பயன்படும் 'டபிள்யூ.ஆர்.எஃப்.' என்ற வானிலை மாதிரி, அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது; பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. 2008 மே 21 அன்று காதங்கிப் பகுதியில் பெய்த கடும் இடிமழையை இந்த மாதிரியில் மீண்டும் உருவாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்றை அங்குள்ள ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். மேகத்துளிகளின் இயற்பியலைக் கணக்கிடும் பகுதியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். மாதிரி அதே மாதிரி, மொழி அதே மொழி. அந்த ஒரு பகுதி மாறியதும் கிடைத்த இடிமழையும் மாறியது. எந்தக் கணக்கை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்ற அறிவு இப்படித்தான், மழையோடும் காற்றோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சேர்கிறது. அது எந்த நிரல்வரியிலும் எழுதப்பட்டிருக்காது. பெயர்ப்புக் கருவியின் கைக்கு அது எட்டாது.

வானிலைக் கணக்கில் 'கிட்டத்தட்டச் சரி' என்பதற்கு என்ன விலை என்பது 1961இலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று உள்ளிட்டார். சில மாத வானிலைக்குள் இரண்டு ஓட்டங்களுக்கும் ஒற்றுமையே இல்லாமல் போனது. கணினியில் பின்ன எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும். புதிய மொழியும் புதிய கம்பைலரும் அந்த வரிசையை மாற்றிவிடக்கூடும். எழுகிற வேறுபாடு வெறும் இலக்கச் சிதறலா, பெயர்ப்பில் நுழைந்த பிழையா என்று பிரித்தறிய வளிமண்டலம் தெரிந்தவர் வேண்டும். மொழி தெரிந்தால் மட்டும் போதாது.

மொழியே மாறாதபோதும் சூழல் மாறினால் என்ன நடக்கும் என்பதை ராக்கெட் ஏவும் ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாது. ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பிய ஏரியன் 5, நாற்பது நொடிக்குள் சிதறியது. ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய ஏடா மொழி நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் கூடுதல். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் போன இடத்தில் அது வழிந்தது. அந்த எண் இவ்வளவுக்கு மேல் போகாது என்ற உறுதியைத் தந்தது பழைய ராக்கெட்டின் பறக்கும் பாதை, நிரல் அல்ல. ஒரு வரிகூட மாற்றாத இடத்திலேயே இது நேர்ந்ததென்றால், ஒவ்வொரு வரியையும் மாற்றும் வேலையை எவ்வளவு எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்!

"எஃப்2சி காலம் போய்விட்டது, இப்போது செயற்கை நுண்ணறிவு நிரலைப் புரிந்துகொண்டு பெயர்க்கிறது" என்பார்கள். பழைய கருவியைவிட இது சரளமாக எழுதுகிறது என்பது உண்மைதான். ஆபத்தும் அந்தச் சரளத்தில்தான் இருக்கிறது. பழைய கருவி தனக்குத் தெரியாததை அவலட்சணமாக வெளியே காட்டியது. புதியது தெரியாத இடத்தில் ஊகித்து, ஊகத்தை அழகான வரிகளுக்குள் புதைக்கிறது. படிப்பவருக்கு எது பெயர்ப்பு, எது ஊகம் என்று தெரிவதில்லை. 2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டிரான்ஸ்கோடர்' தனித்து நிற்கும் சிறு செயற்கூறுகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பெரிய நிரலின் நிலைமை வேறு. சியை ரஸ்டாக்கும் வழி தேடி அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை 'டிராக்டர்' என்ற திட்டத்தை 2024இல்தான் அறிவித்தது. தீர்ந்துபோன சிக்கலுக்கு யாரும் ஆய்வுப்பணம் ஒதுக்குவதில்லை. சோதனைகள் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றால், பழைய நிரல்கள் பலவற்றுக்கு அந்தச் சோதனைகள்தான் இல்லை. அவற்றை எழுத, நிரல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் தேவை. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் வேலையின் கடினமான பாதி முடிந்தது.

"ஃபோர்ட்ரான் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்களே" என்ற கவலை இன்னும் நியாயமானது. ஆனால் ஃபோர்ட்ரான் மொழியைத் திறமையான பொறியியல் மாணவர் சில மாதங்களில் கற்றுவிடுவார். அதன் அண்மைத் தரவரையறை 2023இல்தான் வந்தது. மேகக் கணக்கில் அந்த மாறிலி ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் கற்க ஆண்டுகள் ஆகும். அதைச் சொல்லித் தர ஒருவரும் இல்லாத ஆய்வுக்கூடத்தில் பைத்தானுக்கு மாற்றிய நிரலும் ஊமைதான்.

மொழி மாறவே கூடாது என்பது என் வாதமல்ல. வரைகலைச் செயலிகளில் ஓடவைக்க, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க, மாறவேண்டிய தேவை உண்மையாகவே எழுகிறது. அப்படி மாறியவர்கள் எப்படி மாறினார்கள் என்று பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை 2016இல் வரைகலைச் செயலிகளுக்குப் போனபோது, தன் மாதிரியின் இயங்கியல் கருவை மட்டும் நிபுணர்கள் சி++இல் புதிதாக எழுதினார்கள். இயற்பியல் பகுதி ஃபோர்ட்ரானிலேயே நீடித்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் 'ஸ்க்ரீம்' காலநிலை மாதிரியைச் சி++இல் மறுபடி எழுதியவர்கள், பகுதி பகுதியாக, பழைய ஃபோர்ட்ரானின் விடையோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து நகர்ந்தார்கள். கூகுளின் ஆண்ட்ராய்டில், பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடு, 2024இல் 24. இதைச் சாதிக்கப் பழைய சி நிரலை மொத்தமாகப் பெயர்க்கவில்லை. புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதினார்கள், பழையதை இருந்த இடத்தில் விட்டார்கள்.

எனவே, தானியங்கி மாற்றத்துக்கு விலைப்புள்ளி கொடுக்க வருபவரிடம் எத்தனை லட்சம் வரிகள், எத்தனை வாரங்கள் என்ற கேள்விகளை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். முதலில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே உள்ளீட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். எங்கே விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று அவர் எழுதிக் கையெழுத்திடட்டும். வானிலை நிரல் என்றால் அதற்கான உள்ளீடு தேடி எங்கும் போக வேண்டாம்; 2008 மே 21இல் காதங்கியில் பெய்த அந்த மழை இருக்கிறது.