கைத்துப்பாக்கியும் தற்காப்புக் கணக்கும்

அசாமில் தொலைதூரப் பகுதிகளிலும் பாதுகாப்புக் குறைந்த பகுதிகளிலும் வாழும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவது என்று அம்மாநில அமைச்சரவை 2025 மே மாதம் முடிவெடுத்தது. துப்ரி, பார்பேட்டா, மோரிகான், நகாவ்ன் போன்ற மாவட்டங்கள் அப்போது குறிப்பிடப்பட்டன. ஆகஸ்ட் மாதத்தில் விண்ணப்பிப்பதற்கான இணையவழி வசதியும் தொடங்கப்பட்டது. யாருக்கு உரிமம், யாருக்கு எதிராக உரிமம் என்ற அரசியல் விவாதம் நிறையவே நடந்தது. உரிமம் பெறுபவர் எந்தத் துப்பாக்கியை வாங்குவார், அது அவரை எந்த அளவுக்குக் காக்கும் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

அக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். லக்னௌவில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் பணியாற்றுகிறார். வசூல் தொகையுடன் மாலை வேளைகளில் பயணம் செய்ய வேண்டிய வேலை. "சார், ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? எந்தக் காலிபர் வாங்கலாம்?" என்று தொலைபேசியில் கேட்டார். பொருளியல் கற்பித்த ஒருவனிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. ஆயினும், விலை, பயன், இடர் ஆகிய மூன்றையும் எடைபோட வேண்டிய வினா என்பதால் சில வாரங்கள் படித்துப் பார்த்தேன்.

2016 இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் திரட்டிய கணக்கின்படி, நாட்டில் ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500 மட்டுமே. என் மாணவர் தஞ்சையிலேயே வேலை பார்த்திருந்தால் இவ்வினாவைக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே. அண்டை வீட்டாரிடம் உள்ள பொருள் நமக்கும் இன்றியமையாததாகத் தோன்றுவது பொருளியலில் பழைய செய்தி.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதாவது, தோட்டாவின் பருமன். இந்தியாவில் இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்குப் பெரும்பாலும் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 9 மி.மீ., .38, .455 போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்டவை. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் தோட்டாக்கள் குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற ஆட்சியாளரின் அச்சமே இதன் வேர். 1878-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்திலிருந்தே தொடரும் மனநிலை அது. ஆகவே, தற்காப்புக்கு உரிமம் பெறும் இந்தியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 அளவுதான். அதிலும் ஒரு குழப்பம் உண்டு. ரிவால்வரின் .32 தோட்டாவும் பிஸ்டலின் .32 தோட்டாவும் பெயரில் ஒன்று, வடிவில் வேறு. ஒன்றை மற்றொன்றில் இட்டுச் சுடுவதற்கில்லை.

சந்தை இந்த .32 அளவுக்குள்ளேயேதான் தன் விளம்பரத்தை நடத்த வேண்டியிருக்கிறது. தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென அறிமுகப்படுத்தியது. எடை 500 கிராம். விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். நகைப்பெட்டி போன்ற பேழையில் வைத்து விற்கப்பட்டது. அன்றைய இந்தியரின் சராசரித் தனிநபர் ஆண்டு வருமானத்தைவிட அதிகமான விலை அது. பேருந்துக்காக இரவில் காத்திருக்கும் பெண்ணுக்காகச் செய்யப்பட்ட பொருளை அந்தப் பெண்ணால் வாங்கவே முடியாது.

அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 2021-இல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், அவற்றுள் ஒன்று 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதுவும் .32 அளவுதான். விலை ஏறத்தாழ 1.4 லட்சம் ரூபாய். ஐம்பது மீட்டர் தொலைவு வரை சுடலாம் என்பதே அதன் முதன்மைச் சிறப்பாகச் சொல்லப்பட்டது. மறுபுறம், 2025 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட சரக்கு-சேவை வரியில் ரிவால்வரும் பிஸ்டலும் 40 சதவீத வரிப் பட்டியலுக்குச் சென்றன. அதே பட்டியலில் புகைக்குழாயும் சொகுசுப் படகும் தனியார் விமானமும் இருக்கின்றன. உயிர்காப்புக் கருவி என்று அரசின் ஒரு கை உரிமம் வழங்குகிறது. ஆடம்பரப் பொருள் என்று மறுகை வரி விதிக்கிறது. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், வரி விதிப்பவரே சந்தையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பேன்.

என் மாணவரின் முதல் வினாவுக்கு விடை எளிது. ரிவால்வரின் இயக்கம் எளிமையானது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் அழுத்தினால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் தோட்டாக்கள் கூடுதல். ஆனால், பழகாத கையில் சிக்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கியைப் பையில் வைப்பது எளிது. சுடும்போது அதன் பின்னுதைப்பு அதிகம்.

காலிபர் வினாதான் வளமானது. தோட்டாவின் பருமனைப் பற்றி ஒரு நூற்றாண்டாக விவாதித்துவரும் நாடு அமெரிக்கா. பிலிப்பின்ஸ் போரில் சிறிய தோட்டாக்கள் எதிராளியை நிறுத்தவில்லை என்ற குறையால், 1904-இல் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் கால்நடைகளைச் சுட்டுச் சோதித்து, .45 அளவே ஏற்றது என்று அந்நாட்டு ராணுவம் முடிவுகட்டியது. 1986-இல் மயாமியில் இரண்டு கொள்ளையருடன் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையருள் ஒருவரின் மார்புக்குள் சென்ற 9 மி.மீ. தோட்டா இதயத்தை எட்டாமல் நின்றுபோனதே காரணம் என்று கருதப்பட்டது. அந்த அமைப்பு 10 மி.மீ. அளவுக்கும், பின்னர் 1990-இல் சந்தைக்கு வந்த .40 அளவுக்கும் மாறியது. பெருந்தொகை செலவிட்டு மாறிய பிறகு, 2014-இல் அதே அமைப்பின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மி.மீ. அளவைப் பரிந்துரைத்தது. தரமான நவீனத் தோட்டாவாக இருந்தால் இந்த அளவுகளுக்கிடையே காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய தோட்டாவையே பெரும்பாலோர் குறிதவறாமல் சுடுகின்றனர் என்பது அதன் காரணம்.

குறி என்பதுதான் எவ்வளவு கடினம்! 1998 முதல் 2006 வரை நியூயார்க் காவலர்கள், தங்களை நோக்கிச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்ட நிகழ்வுகளில் இலக்கைத் தொட்டவை நூற்றுக்கு 18 தோட்டாக்கள் மட்டுமே என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. முறையான பயிற்சியும் ஆண்டுதோறும் தேர்வும் உள்ளவர்களின் நிலை இது. உரிமத்தில் குறிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் தோட்டா வாங்கி, பூஜை நாளில் மட்டும் துடைத்து வைக்கும் நம் உரிமதாரரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இலக்கைத் தொடாத தோட்டாக்களும் எங்கோ சென்று பாய்கின்றன.

பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கித் தாக்குதல்களுள் காலிபர் தெரிந்த 367 நிகழ்வுகளைப் பொருளியல் அறிஞர் பிலிப் குக்கும் குற்றவியல் அறிஞர் ஆந்தணி பிராகாவும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். .22, .25, .32 ஆகிய சிறிய அளவுகளால் சுடப்பட்டவர்களோடு ஒப்பிட, 9 மி.மீ., .38 போன்ற நடுத்தர அளவுகளால் சுடப்பட்டவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. பெரிய அளவுகளில் நான்கரை மடங்கு. காயங்களின் எண்ணிக்கையோ அவை பட்ட இடமோ இதற்குக் காரணமாகவில்லை.

எஃப்.பி.ஐ.யின் முடிவுக்கும் இதற்கும் முரண் இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் அளந்தவை வெவ்வேறு. தற்காப்பவருக்கு வேண்டியது எதிராளி அடுத்த சில விநாடிகளில் நிற்பது; அவர் இறப்பது அன்று. சுடப்பட்டவர் மருத்துவமனையில் நள்ளிரவில் இறந்தாலும், அதற்கு முந்தைய பத்து விநாடிகளில் கத்தியால் குத்தியிருக்க முடியும். ஆக, பெரிய தோட்டாவால் வாங்குபவர் பெறும் கூடுதல் பாதுகாப்பு ஐயத்துக்குரியது. சுடப்படுபவர் செலுத்தும் கூடுதல் விலை ஐயமற்றது. சுடப்படுபவர் கொள்ளையனாகவே இருப்பான் என்றால் இக்கணக்கு பலரை உறுத்தாது. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை என்பதே சிக்கல்.

கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியோரின் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் இணைத்து, 2.6 கோடிப் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், துப்பாக்கி வைத்திருந்த ஆண்களிடம் ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடம் 35 மடங்கு. அதே ஆய்வுக்குழு 2022-இல் வேறொன்றைக் கணக்கிட்டது: தாம் துப்பாக்கி வைத்திராமல், வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொல்லப்படும் விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு. அவ்வாறு இறந்தோரில் பெரும்பாலோர் பெண்கள். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

இறக்க நினைத்தவர் வேறு வழி தேடியிருப்பார் என்று வாதிடுவோர் உண்டு. இலங்கையின் அனுபவம் அதற்கு விடை. 1990-களில் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகள் அங்கே தடைசெய்யப்பட்ட பின், தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மனவேதனையின் அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் பொருள் எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். சுடாமலேயே, துப்பாக்கியைக் காட்டியதால் தப்பித்தவர்கள் இறப்புப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 25 லட்சம் முறை இவ்வாறு தற்காப்பு நிகழ்கிறது என்று 1995-இல் ஓர் ஆய்வு கூறியது. அந்நாட்டு அரசின் குற்ற ஆய்வுக் கணக்கோ ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கிறது. அரிதான நிகழ்வைத் தொலைபேசிவழிக் கருத்துக்கணிப்பால் அளந்தால், நூற்றில் ஒருவர் மிகைப்படுத்தினாலே மதிப்பீடு பல மடங்கு வீங்கிவிடும் என்பது புள்ளியியலின் பாலபாடம். ஆயினும், கீழ்மதிப்பீடே சரி என்று கொண்டாலும் அது சுழியம் அன்று. அசாமின் ஆற்றுத்தீவில் காவல் நிலையத்திலிருந்து பல மணி நேரப் பயணத்தொலைவில் வாழும் குடும்பத்தின் அச்சத்தைச் சென்னையில் இருந்துகொண்டு எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை.

நம் சட்டமும் தற்காப்பை மதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதற்கானவை. உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சமே போதும்; தாக்கப்படுபவர் தம் எதிர்ப்பைத் தராசில் நிறுத்து அளக்க வேண்டியதில்லை என்ற பொருளில் உச்சநீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்துள்ளது. அதேவேளை, தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. அரசின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை என்கிறது 37-ஆம் பிரிவு. கையில் துப்பாக்கி இல்லாமல் ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒருவரைச் சுட்டுவிட்டு, எனக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று நீதிபதியின் முன் நிறுவுவது எளிதன்று. தற்காப்புக்கு உரிய தொலைவு சில அடிகள். விளம்பரத்தில் சொல்லப்படும் தொலைவு, வாங்குபவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய தொலைவு.

ஆங்கிலேயர் தம் ஆட்சியைக் காத்துக்கொள்ள வளர்த்த மனநிலை, நம்மை .32-இல் நிறுத்தியிருக்கிறது. நோக்கம் தவறானது, விளைவு, பாஸ்டன் ஆய்வின் ஒளியில் பார்த்தால், நமக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது. சுயச்சார்பு என்ற பெயரிலோ ஏற்றுமதி வாய்ப்பு என்ற பெயரிலோ 9 மி.மீ. அளவைக் குடிமக்களுக்குத் திறந்துவிடும் கோரிக்கை எழுமானால், அதை ஏற்கலாகாது.

அசாம் அரசும் மத்திய அரசும் செய்யக்கூடிய வேறொன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பயிற்சிச் சான்றையும் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழியையும் கேட்கின்றன. உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவேடும் இருக்கிறது. பெயர்களை மறைத்து இவ்விரண்டையும் இணைத்தால், இந்தியாவில் உரிமம் பெற்ற துப்பாக்கி அந்த வீட்டைக் காத்ததா, அந்த வீட்டிலேயே உயிர்களைப் பறித்ததா என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். கலிபோர்னியாவுக்கு வேண்டியிருந்த மூலப்பொருள் முழுவதும் நம்மிடம் உள்ளது. புதிய உரிமங்கள் வழங்கப்படும் அசாம் மாவட்டங்களில் முதல் நாளிலிருந்தே இதைத் தொடங்கலாம். செலவு மிகக் குறைவு.

என் மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான் என்றார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்துவிடுவேன் என்றார். அப்படியானால் மாலை ஆறு மணிக்குச் சாலையில் உங்களை வழிமறிப்பவன் நீங்கள் இரண்டு பூட்டுகளையும் திறக்கும்வரை காத்திருப்பானா என்று கேட்டேன். பணிக்குச் செல்லும்போது இடுப்பில்தான் இருக்கும் என்றார். இரவு வீடு திரும்பியதும் அதைக் கழற்றி வைக்கும் அந்த முதல் ஐந்து நிமிடங்களைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பேசினார். வசூலைப் பெரும்பாலும் யு.பி.ஐ. வழியே பெறும்படி மேலாளரிடம் வற்புறுத்தி, ரொக்கம் கொண்டுசெல்லும் நாட்களில் உடன் ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு செய்திருக்கிறார். விண்ணப்பப் படிவம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறதாம்.