இளைப்பாறியவரின் ஒரு கிழமை

உத்தியோகத்தை விட்டு இளைப்பாறியவருக்கு ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று நம் பழைய மாணாக்கர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். அவருக்கு இன்னும் இருபது ஆண்டு சேவை பாக்கி இருக்கிறது, ஆகவே மன்னித்துவிட்டோம். நெளுக்குளத்தில் நம் வீட்டில் ஒரு கிழமை தங்கினாரானால் பள்ளிக்கூடமே மேல் என்று திரும்பி ஓடிவிடுவார்.

சென்ற திங்கட்கிழமை காலையில், தேநீருக்குப் பக்கத்தில் ஒரு மண்ணிறக் கோவையும் வந்து அமர்ந்தது. "இஞ்சாருங்கோ, இதை இந்தக் கிழமை முடிச்சுப்போடுங்கோ" என்றாள் நம் இல்லாள். உள்ளே இருந்தது நமது விவாகப் பதிவின் பிரதி. "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, கூரை வேலைக்கு வந்த மேசனுடன் முற்றத்திற்குப் போய்விட்டோம். குரங்குகள் பாய்ந்து பாய்ந்து ஓடுகளை உடைத்து வைத்திருந்தன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை மாற்றாவிட்டால் பாய் விரிக்க இடமிராது. அன்றைய பொழுது ஓட்டோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை கிளினிக். வெறும் வயிற்றோடு, கிளினிக் கொப்பியும் தேநீர்ப் போத்தலுமாக, மன்னார் வீதியில் முதல் பஸ்ஸைப் பிடித்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீனி, பிரஷர், அதற்கு மேல் கிரியேற்றினின். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, காரணம் இன்னும் அறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் நம் மாவட்டத்தையும் விடவில்லை. கேத்தலின் அடியில் படியும் வெண்மையைப் பார்க்கும் போதெல்லாம் நமக்கு அந்த நினைவுதான். குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். சமையலுக்கும் குளிப்புக்கும் கிணறு.

அந்தக் கிணற்று மோட்டார் புதன்கிழமை மக்கர் பண்ணிற்று. ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. மேலே உள்ள துளையால் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி ஓடவிட்டால் சற்று நேரம் இழுக்கும். நிறுத்தினால் குழாயில் நின்ற நீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடும். குற்றம் அடியிலுள்ள புட் வால்வில் என்று கண்டுகொண்டோம். பக்கத்து வீட்டுத் தம்பி குழாயை மேலே இழுத்தார். ஒரு வேப்பிலைக் காம்பு! உள்ளே மாட்டி, வால்வை மூடவிடாமல் நின்றது. விஞ்ஞானம் படிப்பித்தவர் என்ற பெயர் நமக்கு. காம்பைக் கண்டவள் இல்லாள்.

வியாழக்கிழமை மின்சாரக் கட்டணம், குடை திருத்தம், இன்னும் சில சில்லறை அலுவல்கள். கோவை மேசையில் அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பொறுமை முடிந்தது. "ஓடு ஏலும், மோட்டார் ஏலும், இது மட்டும் ஏலாதோ?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். சேவைக் காலம் முழுவதும் நம் சம்பளத்தில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கென மாதந்தோறும் பணம் கழித்தார்கள். 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. மனைவியை இழந்த கணவர்மாருக்கு 1983இல்தான் தனிச்சட்டம் வந்தது. நமக்குப் பின் அந்தப் பணம் அவளுக்கு வரவேண்டுமானால் பத்திரங்களில் பெயர் ஒத்திருக்க வேண்டும். நம் விவாகப் பதிவில் அவள் பெயர் வடவெழுத்தோடு இருக்கிறது. அடையாள அட்டையில் தமிழெழுத்தோடு. மூலப் பத்திரம் 2009 இடப்பெயர்வில் போயிற்று. இந்தப் பிரதியைப் பெறவே பல நாள் அலைந்தோம். நாம் இல்லாத ஒரு நாளுக்கான காகிதத்தில் நாமே கையெழுத்திடுவதற்குத்தான் கை ஓடவில்லை.

அவள் அப்படி நினைக்கவில்லை. மெனிக் பாம் முகாமில் அடுத்த கூடாரத்தில் ஓர் ஆசிரியரின் மனைவி இருந்தார். கணவர் இல்லை, பத்திரமும் இல்லை. அந்த அம்மா பல வருடங்கள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதை இவள் கண்டிருக்கிறாள். "எனக்கு அந்த வயசிலை பஸ் ஏற ஏலாது" என்றாள். அதற்கு மேல் வாதாட நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மாலையே கிராம அலுவலரிடம் வதிவிட உறுதி பெற்றோம். விதானைமார் பதவி 1963இல் ஒழிந்துபோனது. ஆயினும் இல்லாளுக்கு அவர் இன்றும் "விதானையார்"தான். சனிக்கிழமை சமாதான நீதவான் முன்னிலையில், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்தோம். கையெழுத்திடும்போது அவள் தன் பெயரை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். எது அழகு என்று நம்மைக் கேட்டாள். வடவெழுத்தோடு உள்ளதுதான் என்றோம். நாம் அவளைப் பெண் பார்க்கப் போனபோது கேட்ட பெயர் அது.

திங்கட்கிழமை கோவை பிரதேச செயலகத்துக்குப் போகிறது. குசினிக் குழாய்க்கு வொசர் வாங்க மறந்துவிட்டோம், அது செவ்வாய்க்கிழமை.