உறிஞ்சுவதை உறிஞ்சுவது என்று சொல்லுங்கள்

போன மாதம் பெரியம்மா மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு கிளினிக்கின் விலைப்பட்டியல். லைபோ 360, வேஸர் ஹை-டெஃப், 4டி ஸ்கல்ப்ட், அவேக் லைபோ, லஞ்ச்டைம் லைபோ, மம்மி மேக்ஓவர் என்று ஆறு வரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதத் தவணை எவ்வளவு என்று இருந்தது; மொத்தத் தொகை இல்லை. கீழே அவள் கேள்வி: "இதுல எதுடா நல்லது? நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே."

அக்காவுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருக்கிறது. அவளுக்கு அவள் வயிறு ஏன் உறுத்துகிறது என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையில்லை. உன் உடம்பை நீ நேசி என்று புத்தி சொல்லும் கட்டுரையும் இதுவல்ல. எனக்குக் கோபம் வந்தது வேறொன்றின் மேல். பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன. அறுவை சிகிச்சை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

உண்மையில் நடப்பது இதுதான். தோலில் சிறு துளைகள் போடுகிறார்கள். மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னையும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் உப்புநீரில் கலந்து உள்ளே ஏற்றுகிறார்கள். பிறகு கேனுலா என்ற உலோகக் குழாயை விட்டு, முன்னும் பின்னும் அசைத்து, கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். 1970-களில் ரோமில் ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் தொடங்கியது. பாரிஸில் இல்லூஸ் மழுங்கிய முனைக் குழாயைக் கொண்டுவந்தார். 1987-ல் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் அந்தத் திரவக் கலவை முறையை வெளியிட்டார். ரத்த இழப்பு பெருமளவு குறைந்தது. ட்யூமசென்ட் என்று அதற்குப் பெயர். வீங்கிய என்று அர்த்தம். லைபோசக்‌ஷன் என்றால் கொழுப்பு உறிஞ்சல். இரண்டும் அழகில்லாத பெயர்கள், ஆனால் செய்வதைச் சொல்லும் பெயர்கள்.

அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள். முதலில் சக்‌ஷன் போனது, லைபோ மட்டும் மிஞ்சியது. பிறகு லைபோவும் போய் ஸ்கல்ப்ட், கான்டூர் என்று ஆனது. உறிஞ்சுவதும் இல்லை, கொழுப்பும் இல்லை. சிற்பிதான் இருக்கிறார். நாம் கல்.

வேஸர் என்ற சொல்லைக் கேட்டதும் லேசர் என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அது லேசர் இல்லை, அல்ட்ராசவுண்ட். அதிர்வு, ஒலி ஆற்றல், ஒத்ததிர்வு என்று போகும் ஓர் ஆங்கிலத் தொடரைச் சுருக்கிச் செய்த வணிகப் பெயர். ஒலி அதிர்வு கொழுப்பைத் தளர்த்துகிறது. முதுகு, ஆண்களின் மார்பு மாதிரி நார் மிகுந்த இடங்களில் இதனால் பயன் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் தளர்த்திய பிறகு என்ன? அதே குழாய், அதே உறிஞ்சல். ஸ்மார்ட்லைபோவில் லேசர் இருக்கிறது. அது கொழுப்பைச் சூடாக்குகிறது. கை தவறினால் தோலும் சுடும். இதில் ஸ்மார்ட் யார் என்று பெயர் சொல்வதில்லை.

"எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு" என்று அந்தப் பட்டியலின் கீழே ஒரு முத்திரையும் இருந்தது. இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் 510(கே) என்ற வழியில் சந்தைக்கு வந்தவை. வேஸரும் அப்படி, 2006-ல் வந்த ஸ்மார்ட்லைபோவும் அப்படி. அந்த வழியில் கிடைப்பதற்கு அப்ரூவல் என்று பெயரில்லை, கிளியரன்ஸ். அதற்கு நிறுவனம் காட்ட வேண்டியது, எங்கள் கருவி ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்குச் சமமானது என்பதை. அதாவது அரசிடம் போய், "சார், இது பழசு மாதிரிதான்" என்கிறார்கள். அக்காவிடம் வந்து, "மேடம், இதுமாதிரி இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல" என்கிறார்கள். இரண்டில் ஒன்றையாவது நம்மால் நம்பாமல் இருக்க முடியும்.

அவேக் லைபோ புதுசாம். முழு மயக்கம் இல்லாமல், மரத்துப்போக வைத்து மட்டும் செய்வது. க்ளைன் 1987-ல் சொன்னதே அதைத்தான்! முப்பது வருடத்துக்கும் மேல் பழைய சரக்குக்குப் புது ஸ்டிக்கர்.

லஞ்ச்டைம் லைபோ இன்னும் மோசம். மதியம் வந்து செய்துகொண்டு வேலைக்குத் திரும்பலாமாம். இந்த முறையில் ஏற்றிய லிடோகெய்ன் ரத்தத்தில் உச்ச அளவைத் தொடுவது சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. மதியம் செய்தால் நடுராத்திரி. அப்போது கிளினிக் பூட்டியிருக்கும், நீங்கள் வீட்டில் படுத்திருப்பீர்கள். அதனால்தான் எடைக்கு ஏற்ற அளவைக் கணக்குப் போட்டு ஏற்ற வேண்டியிருக்கிறது. துளைகளிலிருந்து நீர் கசிவதும், வாரக்கணக்கில் இறுக்கமான உடை போட்டுக்கொள்வதும் எந்த லஞ்சில் சேரும்?

4டி? இயற்பியலில் நான்காவது பரிமாணம் காலம். அதை வைத்தே பேசுவோம். 2011-ல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு எடுத்துக்கொண்ட பெண்களை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். உடலின் மொத்தக் கொழுப்பு ஒரு வருடத்தில் திரும்பியிருந்தது. தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றுக்குப் போயிருந்தது. சர்க்கரை, பிரஷர் குறையும் என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், பருமனான 15 பெண்களிடமிருந்து சுமார் பத்து கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் ரத்த அழுத்தத்திலோ, இன்சுலின் வேலைசெய்யும் விதத்திலோ முன்னேற்றம் இல்லை.

இவ்வளவையும் நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "விளம்பரம்னா அப்படித்தான்டா இருக்கும். ஷாம்பு விளம்பரம் மட்டும் உண்மையா சொல்லுதா?"

ஷாம்பு பிடிக்கவில்லை என்றால் பாட்டிலைத் தூக்கிப் போடலாம். இது அப்படியா? 1994-லிருந்து 1998 வரை அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2000-ல் வெளியானது. ஏறக்குறைய ஐந்து லட்சம் லைபோசக்‌ஷன்களில் 95 மரணங்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதுதான் அவற்றில் முதன்மையான காரணம். பழைய கணக்குதான், முறைகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கின்றன. ஆனால் செய்தவர்கள் தகுதியுள்ள சர்ஜன்கள் என்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவிலும் மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளிகளைப் பிடிப்பது நெறிமீறல் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. விதி எழுதியவர்கள் ஷாம்பு விற்பவர்களுக்கு அதை எழுதவில்லை. நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். லஞ்ச் என்று சொல்லி வாங்கிய சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லுமா?

நாம் கவிதையில் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்தால் மூன்று நாள் சண்டை போடுகிறவர்கள். இந்தச் சொற்களை மட்டும், மருத்துவம் நமக்குப் புரியாது என்று சும்மா விட்டுவிடுகிறோம். இவற்றில் மருத்துவம் குறைவு. மொழிதான் அதிகம். மொழி என்றால் நமக்குத் தெரியுமே.

அக்காவுக்குப் பெயர் எதையும் சிபாரிசு செய்யவில்லை. நான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். செய்யப்போவது யார், அவர் படித்தது என்ன? எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? ஐந்து லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அளவு, மருத்துவமனையில் தங்க வேண்டியது. மயக்க மருந்து யார் கொடுக்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், எடுப்பது யார்?

போய்வந்து போன் செய்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் இல்லை, "கவுன்சிலர்". அதுவும் ஒரு பெயர்தான், வேலை விற்பனை. முதல் கேள்விக்கு, "எங்க டீம் பார்த்துக்கும் மேடம்." இரண்டாவதுக்கு, "அது ஸ்கல்ப்டிங், லிட்டர் கணக்கெல்லாம் இல்ல." நான்காவதுக்கு ஒரு விசிட்டிங் கார்டு. அதில் இருந்தது வாட்ஸப் பிஸினஸ் எண்.

"அட்வான்ஸ் கட்டலடா," என்றாள். "ஆனா செய்யவே மாட்டேன்னு நினைச்சுக்காத. கேட்டா பதில் சொல்ற டாக்டர் யாராவது இருக்காங்களான்னு பாக்குறேன்."

"பாருக்கா," என்றேன்.