சாவி கைக்கு வந்தது; ஏற்றம் வந்ததா?

“நாளை முதல் மாலைப் பொறுப்பு உன்னுடையது. கல்லாவை எண்ணிக் கட்டுவது நீ. கதவைச் சாத்துவது நீ. சாவியைக் காப்பதும் நீ. உன்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை! இப்படியே இரு; விரைவில் மேலே வந்துவிடுவாய்!”

முதலாளி பேசுகிறார், முகமலர்ச்சியுடன் பேசுகிறார். கேட்டு நிற்கும் கடைச் சிப்பந்திக்கு மெய் சிலிர்க்கிறது. பொறுப்பு கிடைத்துவிட்டது, நம்பிக்கை கிடைத்துவிட்டது, மேலே வரும் வழியும் கிடைத்துவிட்டது! கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ஊதிய உயர்வு. “அது எவ்வளவு ஐயா?” என்று கேட்க அவனுக்கு நா எழவில்லை. கேட்டால் நன்றி கெட்டவன் என்பாரோ, கொடுத்த சாவியைப் பறித்து அடுத்தவனிடம் தந்துவிடுவாரோ என்று அச்சம்.

அந்த அச்சத்தின்மீதுதான் பல கடைகளின் இரவு வாணிபம் நடக்கிறது, தோழர்களே!

நான் கொல்லிமலையில் ஆசிரியப் பணி புரிபவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்று பாடநூல் பெருமை பேசும். நானும் அதையே பாடம் சொல்கிறேன். அந்த மலையின் பிள்ளைகள், மலையாளிப் பழங்குடி மக்களின் மைந்தரும் மகளிரும், பள்ளிப் படிப்பு முடிந்ததும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காரவள்ளி அடிவாரத்தில் இறங்கி, நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். துணிக்கடை, பாத்திரக்கடை, மளிகைப் பேரங்காடி, கைபேசிக் கடை என்று எங்கு நோக்கினும் அவர்கள் நிற்கின்றனர். ஆம், நிற்கின்றனர்! ஓரி பொன்னையும் பொருளையும் வாரி வழங்கினானாம். அவன் மலையின் பிள்ளைகள் இன்று வாரி வழங்குவது தங்கள் மாலைப் பொழுதை!

கடை என்ற சொல் விந்தையானது. விற்பனை செய்யும் இடமும் கடை, இறுதியும் கடை, வாயிலும் கடை. கடையைச் சாத்தும் பொறுப்பை ஏற்கும் இளைஞனுக்கு அது எந்தக் கடை? முன்னேற்றத்தின் வாயிலா? அன்றி அவன் முன்னேற்றத்தின் முடிவா? இதைத்தான் அறிவைக் கொண்டு ஆராயவேண்டும்.

மாலைப் பொறுப்பு என்றால் இரும்புக் கதவை இழுத்துவிடும் வேலை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு கலை. இறுதியாக வந்த வாடிக்கையாளர் மனம் கோணாமல் வெளியே செல்லவேண்டும். ஆனால் நேரத்தோடு செல்லவேண்டும். கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்கவேண்டும். குறைந்த சரக்கைக் குறித்து, நாளைக்கு வேண்டியதைக் கிடங்கிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். ரொக்கம் இவ்வளவு, அட்டை வழி வந்தது இவ்வளவு, கைபேசி வழி வந்தது இவ்வளவு என்று பிரித்துப் பில் தொகையோடு பொருத்திக் காட்டவேண்டும். திரும்பி வந்த சரக்குக்குக் கணக்கு எழுதவேண்டும். விளக்கு, விசிறி, குளிர்சாதனம் அணைந்தனவா, கிடங்கில் எவரேனும் உள்ளனரா என்று பார்த்து, பிறகே பூட்டவேண்டும். பகல் முழுதும் பத்துப் பேர் செய்த வேலையின் பிழைகள் அனைத்தும் மாலையில் ஒருவன் மேசைமீது வந்து விழுகின்றன.

ஆகவே, இந்தப் பொறுப்பை ஏற்காதே என்று நான் எந்த இளைஞனுக்கும் சொல்லமாட்டேன். ஏற்கவேண்டும்! ஓராண்டு மாலைக் கணக்கை முடித்தவனுக்கு அந்தக் கடையின் நாடி தெரியும். எந்தச் சரக்கு ஓடுகிறது, எது தேங்குகிறது, எங்கே பணம் கசிகிறது என்று முதலாளிக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரியும். அத்தகைய அறிவைத் தரும் பணி உயர்வுக்கு ஏணியாகத்தான் இருக்கவேண்டும். இருக்கிறதா?

என்னிடம் படித்த பெண்ணொருத்தி. சமவெளியில் ஒரு கடை. பெயர் வேண்டாம், ஒரே ஒரு கடையின் கதையன்று இது. 14 மாதங்கள் மாலைப் பொறுப்பை அவள்தான் சுமந்தாள். “அடுத்து நீதான் மேற்பார்வையாளர்” என்றனர். பதவி காலியானது. வந்து அமர்ந்தவர் முதலாளியின் உறவினர்! அவருக்குக் கல்லாக் கணக்கு முடிக்கும் முறையைக் கற்றுத்தரும் பணி மட்டும் அவளுக்கு வந்தது. இதற்கு அவள் வீட்டார் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? “நம் தலையெழுத்து!” தலையெழுத்தாம்! தோழர்களே, எழுத்தே இல்லாமல் போனதுதான் அங்கே நடந்த கேடு. தாளில் எழுதி வாங்காததைத் தலையில் எழுதியதாகச் சொல்லி ஆறுதல் தேடுகிறோம். எழுதாதவன் முதலாளி, பழி சுமப்பது விதி!

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றொரு சொல் வருகிறது. ஊதியமின்றிச் செய்தாகவேண்டிய உழைப்பு என்பது அதன் பொருள். மன்னர் போயினர், மாளிகைகள் மண்ணாயின, வெட்டி மட்டும் வேடம் மாற்றிக்கொண்டு வாழ்கிறது. கதவை இறக்கும் நேரம்வரை பணிநேரம் என்று பதிவேடு சொல்கிறது. கதவை இறக்கியபின் மடிப்பதும் எண்ணுவதும் பெருக்குவதும் எந்தக் கணக்கில்? நாளொன்றுக்கு ஒரு மணி என்றே கொள்வோம். மாதத்தில் 26 நாள் என்றால் 26 மணி. 8 மணி நாளாக வகுத்தால் மூன்று நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு! மாதந்தோறும் மூன்று நாள் கூலியைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, “என்மீது முதலாளிக்கு நம்பிக்கை” என்று நெஞ்சு நிமிர்கிறான் நம் இளைஞன்.

கல்லாவில் தொகை குறைந்தாலோ, நம்பிக்கை நொடியில் மறைகிறது. ஊதியத்தில் கை வைக்கிறார்கள். காலை முதல் பணப் பெட்டியைத் திறந்தவர்கள் பலர். பிடித்தம் மட்டும் மாலையில் எண்ணியவனுக்கு! பணியாளிடம் விளக்கம் கேளாமல், அவன் கவனக்குறைவால்தான் இழப்பு நேர்ந்தது என்று நிலைநாட்டாமல், ஊதியத்தில் பிடிக்கலாகாது என்பது 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம் தொட்டு இந்நாட்டில் உள்ள நெறி. ஏட்டில் உள்ள நெறி கடைக்குள் நுழைய வழியின்றி வாயிலில் நிற்கிறது.

அந்த வாயிலில் வேறொன்றும் தொங்குகிறது, பார்த்திருக்கிறீர்களா? கண்ணேறு கழிக்கும் பூசணிக்காய்! எலுமிச்சையும் மிளகாயும் கோத்த மாலை! காற்றில் மிதந்து வரும் கண்ணேறுக்கு இத்தனை காப்பு. கண்ணெதிரே காலையிலிருந்து நின்று கால் வீங்கிய பெண்ணுக்கு ஒரு முக்காலி இல்லை. பூசணிக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்தாலே இரண்டு நாற்காலிகள் வாங்கலாமே!

நம் மலை உழவரைப் பாருங்கள். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுவரும் முதியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். ஆனால் எடை போடாமல், விலை பேசாமல் மூட்டையைத் தூக்கித் தருவாரா? “இப்போது கொடு, விலையைப் பிறகு பார்ப்போம்; உன்மீது நம்பிக்கை உண்டு” என்று வணிகர் சொன்னால், சிரித்துவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொள்வார். தந்தை மிளகுக்குக் கேட்கும் விலையை, படித்த மகன் தன் இரவுக்குக் கேட்கக் கூசுகிறானே! மிளகு அடுத்த ஆண்டும் காய்க்கும். கழிந்த இளமை காய்க்குமா?

“சட்டம் என்ன சொல்கிறது?” என்று கேட்பீர்கள். சட்டம் ஊமையன்று. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடைகள், நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. மிகைநேர உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம் என்றது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோதும், நிபந்தனைகள் விதித்தது. பெண்கள் இரவு 8 மணிக்குமேல் பணிபுரிய அவர்களின் எழுத்து வழி இசைவு வேண்டும், பாதுகாப்பு வேண்டும், முறைப்பணி செய்யும் பெண்களுக்கு ஊர்தி வசதி வேண்டும், அவ்வசதி உண்டென்ற அறிவிப்பு முதன்மை வாயிலில் தொங்கவேண்டும். எத்தனை வாயில்களில் அந்த அறிவிப்பைக் கண்டீர்கள்? பூசணிக்காயைக் கண்டிருப்பீர்கள்!

அமரும் உரிமையும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தமிழ்நாட்டுக் கடைகளில் பணியாளர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும். இது வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுத் தையல் தொழிலாளியான பி. விஜி, கடைப் பெண்களை ஒன்று திரட்டி, உட்காரவும் கழிவறை செல்லவும் உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2018-இல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது; அதன்பின் இங்கே வந்தது. கேட்டதால் வந்தது!

கடல் கடந்தும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1886-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்ட கடைப் பணியாளரை வாரத்துக்கு 74 மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்றது. 74 மணி, அதுவே அன்று கருணை! அடுத்த ஆண்டு, 14 வயதுச் சிறுமி மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, பிரைட்டனுக்கு அருகே ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். கடையிலேயே உணவு, கடையிலேயே உறக்கம். சென்னையின் துணிக்கடைச் சிப்பந்திகளைப் பற்றிய ‘அங்காடித் தெரு’ என்ற 2010-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நாம் கண்ட அதே வாழ்வு. அந்தப் பெண் என்ன செய்தார்? பின்னாளில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். உடன் தங்கியோர் உறங்கியபின், மெழுகுவத்தி வெளிச்சத்தை நாற்காலியில் தொங்கவிட்ட துண்டால் மறைத்துக்கொண்டு, ‘கிரேஸ் டேர்’ என்ற புனைபெயரில் கடைப் பணியாளரின் துயரை எழுதினார். 1898-இல் சங்கத்தின் துணைச் செயலாளர். 1929-இல் பிரிட்டனின் தொழிலாளர் துறை அமைச்சர்! அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண். ‘மேலே வருதல்’ என்பது அது. தான் மட்டும் ஏறிவிட்டு ஏணியை உதைக்காமல், பின்னே வருவோருக்கும் படி அமைத்த ஏற்றம்.

இனி நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு சொல். “இருட்டியபின் பெண்ணுக்குக் கடையில் என்ன வேலை? பொறுப்பும் வேண்டாம், உயர்வும் வேண்டாம், வீட்டுக்கு வா” என்கிறீர்கள். நள்ளிரவில் உங்கள் காய்ச்சலுக்கு ஊசி போடும் செவிலியரை அப்படிக் கேட்பீர்களா? இரவில் தீங்கில்லை, ஐயா. இரவில் ஊர்தி இல்லாததே தீங்கு. கொல்லிமலைப் பெண் கடையைப் பூட்டும் நேரத்தில் மலையேறும் கடைசிப் பேருந்து அவளுக்காகக் காத்திருப்பதில்லை. அவளுக்கு வேண்டியது இரவு தங்கப் பாதுகாப்பான விடுதி. அல்லது வீடு சேர்க்கும் வண்டி. அதைக் கேட்டுப் போராடவேண்டிய வாய், அவளைப் பார்த்து “வராதே” என்கிறது! ஊதியமின்றி உழை என்பவனும் உயர்வின்றி வீட்டில் கிட என்பவனும் இரு வேறு திசையில் நிற்பதுபோல் தோன்றலாம். இருவரும் பறிப்பது அவளது உரிமை ஒன்றைத்தான்.

“நான் மறுத்தால் இன்னொருவன் ஏற்பானே” என்று இளைஞர் அஞ்சுகின்றனர். உண்மைதான். தனியொருவன் கேட்டால் அது முணுமுணுப்பு. பத்துப் பேர் கேட்டால் அது கோரிக்கை. ஆகவே அந்த இன்னொருவனிடம் முதலில் பேசுங்கள். கேட்கவேண்டியவையும் வானத்து வில்லல்ல. பதவியின் பெயர் எழுத்தில் வேண்டும். ஊதியம் எவ்வளவு உயரும், எந்த நாள்முதல் உயரும் என்பது எழுத்தில் வேண்டும். கல்லாவை ஏற்கும்போது, ஒப்படைப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடவேண்டும். கதவு இறங்கும்வரை என்றில்லாமல், பூட்டு விழும்வரை பணிநேரம் என்று பதிவாகவேண்டும். வீடு சேரும் வழிக்கு, அல்லது தங்கும் இடத்துக்கு, கடை பொறுப்பேற்கவேண்டும். ஐந்தும் நியாயம், ஐந்தும் ஒரே தாளில் அடங்கும். உங்களிடம் சில இலட்சங்களை ஒப்படைக்கும் முதலாளிக்கு, ஒரு தாளை ஒப்படைக்கவா மனமில்லை?

“நானும் எடுபிடியாய்த் தொடங்கியவன்தான், நான் கேட்டேனா?” என்பார் அவர். அவர் கேளாமல் பட்ட துன்பம், பிறருக்கும் அதையே தருவதற்கு உரிமைச் சீட்டாகுமா? பட்டவர் அல்லவா முதலில் பரிந்து வரவேண்டும்!

மலையிலிருந்து இறங்கும் என் மாணவச் செல்வங்களே! பொறுப்பை விரும்புங்கள், தொழிலின் நுணுக்கம் அனைத்தையும் கற்றுத் தேறுங்கள், உயர்வை நாடுங்கள். அதில் இழிவில்லை. ஆனால் புகழுரையை ஊதியமென்றும், வாய்ச்சொல்லைப் பதவியென்றும் மயங்காதீர்கள். விலையைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள். கடையைப் பூட்டும் கை, வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டியதில்லை!