பெட்டி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பழைய பொம்மை சேகரிப்பு பற்றிய கட்டுரை, பெட்டி பிரிபடாமல் இருப்பதையே தரம் என்று சொல்லி முடித்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 1978-ல் கடைகளுக்கு அனுப்பிய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மூன்றே முக்கால் அங்குல உயரம். கழுத்து, தோள்கள், இடுப்பு என அதிகபட்சம் ஐந்தே மூட்டுகள். பெட்டியில்லாமல் வரும் பொம்மையை முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இடுப்பு தளர்ந்திருந்தால் நிற்காது, மல்லாந்துவிடும். வெள்ளைக் கவசம் அணிந்த ஸ்டார்ம்ட்ரூப்பர் என்றால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கையும் உடம்பும் ஒரே மாதிரி மஞ்சளாவதில்லை. குழல்விளக்கில் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

உண்மையான வில்லங்கம் துணைப்பொருள்களில்தான். துப்பாக்கியும் ஒளிவாளும் புதிதாக வார்த்த போலிகளாக வருகின்றன. ஜாவா என்ற குள்ள உருவத்துக்கு ஆரம்பத்தில் வினைல் மேலங்கி போட்டார்கள். மலிவாகத் தெரிகிறதென்று சீக்கிரமே துணிக்கு மாறினார்கள். அதனால் வினைல் ஜாவாவுக்கு இன்று கொள்ளை விலை. ஓபி-வான் பொம்மையின் மேலங்கியைக் கத்தரித்து ஜாவாவுக்கு மாட்டி விற்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்! நிறத்தையும் வெட்டு ஓரத்தையும் அசலோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

காலின் பின்புறம் பதித்த ஆண்டு முத்திரையையும் நம்பிவிடக் கூடாது. அது பதிப்புரிமை ஆண்டு. 1977 என்றிருக்கும் பொம்மை பிறகும் பல ஆண்டுகள் வார்க்கப்பட்டதுதான். கட்டுரையாளர் அடுத்த முறை பெட்டிக்குள்ளிருப்பதைப் பற்றியும் எழுதட்டும்.

– ஒரு சேகரிப்பாளர், கோவை