19 லட்சம் கணக்கை வாபஸ் வாங்குகிறேன்: கணவன் மனைவியாக முதுகுப் பையோடு வெளிநாடு போவது வீண் செலவா?



நம்ம சேனலை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கும். "வெளிநாட்டு டூருக்கு 2 லட்சம் செலவு பண்றீங்களா? உண்மையில் நீங்க இழப்பது 19 லட்சம்!" என்று தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். 2 லட்சத்தை 12% வருமானத்தில் 20 வருடம் விட்டால் 19.29 லட்சம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சரியாகத்தான் வரும்.

அந்த வீடியோவுக்கு முன்பே, அதே கணக்கை ஒரு தம்பதிக்கு நேரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன். எங்க விக்கிரமங்கலம் பக்கம் முந்திரி வியாபாரம் செய்பவர்கள். கல்யாணமாகி 25 வருடம் முடிந்த நேரம். "எங்கயாவது கடல் தாண்டி ஒரு வாரம் போய்ட்டு வரணும் தம்பி, எவ்வளவு ஆகும்?" என்று அந்த அம்மா கேட்டார். நான் லேப்டாப்பைத் திருப்பி 19 லட்சத்தைக் காட்டினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சரி, ஃபண்டுலயே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சென்ற வருடம் ரிட்டர்ன் வேலையாக அந்த அம்மா மட்டும் வந்தார். கணவருக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "காசு அப்படியே இருக்கு தம்பி. நல்லாவும் வளர்ந்திருக்கு. அவராலதான் வாசப்படி எறங்க முடியல."

அன்றிலிருந்து அந்த வீடியோ என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் கணக்கில் இருந்த இரண்டு ஓட்டைகள்

முதல் ஓட்டை, பணவீக்கம். 20 வருடம் கழித்து வரும் 19 லட்சத்தை இன்றைய 19 லட்சம் மாதிரி காட்டினேன். 6% பணவீக்கம் என்று வைத்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 6 லட்சம்தான். 6 லட்சமும் நல்ல தொகைதான். ஆனால் சிவப்பு எழுத்தில் போட்டு பயமுறுத்துகிற தொகை அது கிடையாது. ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டது தப்பு.

இரண்டாவது ஓட்டை, உடம்பு. எக்செல் ஷீட்டில் பணத்துக்கு மட்டும்தான் வளர்ச்சி விகிதம் போட்டேன். முட்டிக்கும் இடுப்புக்கும் தேய்மானம் போடவில்லை. மெஷினுக்கும் கட்டடத்துக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறவன் நான். மனுஷனுக்கு எழுத மறந்துவிட்டேன்.

"அப்போ கடன் வாங்கியாவது போங்கன்னு சொல்றீங்களா?" அதுவும் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

கொச்சி டீக்கடை தம்பதி

கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்ன டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2007-ல் இஸ்ரேல் போனார்கள். அதில் தொடங்கி 26 நாடுகள் பார்த்தார்கள். 2021-ல் ரஷ்யா போய் வந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் விஜயன் காலமானார். 

இவர்கள் கதையை "மனசிருந்தால் மார்க்கமுண்டு" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. கடை வருமானத்திலிருந்து தினமும் 300 ரூபாய் தனியாக எடுத்து வைத்தார்கள். வருடத்துக்கு 1,09,500. பத்தாததற்குக் கடன் வாங்கினார்கள், திரும்பி வந்து உழைத்து அடைத்தார்கள், பிறகுதான் அடுத்த பயணம். அவர்கள் முதுகுப் பை தூக்கினவர்களும் இல்லை, பெரும்பாலும் டூர் குழுவோடு போனவர்கள்.

கடன் வாங்கிப் போனார்களே, அதை நான் ஏற்றுக்கொள்கிறேனா? அவர்கள் விஷயத்தில், ஆமாம். தினமும் 300 எடுத்து வைக்கிற பழக்கம் கடனுக்கு முன்பே இருந்தது. அந்த 300 அப்படியே தவணையாக மாறியது. பழக்கமே இல்லாதவர், "இப்போ பறங்க, அப்புறம் கட்டுங்க" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் கடன் வேறு ரகம்.

அதற்கும் ஒரு கணக்கு. 2 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாதம்: ஈ.எம்.ஐ. சுமார் 9,600, மொத்தம் கட்டுவது 2.30 லட்சம். அதுவே மாதம் 8,000 வீதம் 24 மாதம் 6.5% ஆர்.டி.யில் போட்டால், உங்கள் கையிலிருந்து போவது 1.92 லட்சம், கிடைப்பது சுமார் 2.05 லட்சம். போகிற இடம் ஒன்றுதான். முன்னால் சேர்க்கிறவருக்கும் பின்னால் கட்டுகிறவருக்கும் 38,000 வித்தியாசம்.

நாங்கள் போய் வந்த கதை

ஊருக்கு மட்டும் உபதேசம் என்று ஆகிவிடக் கூடாது. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். நானும் தள்ளிப் போட்டவன்தான். போன வருடம் ஒரு ஆர்.டி. முடிந்ததும் இலங்கை போவது என்று முடிவு செய்தோம். எங்க அம்மா கேட்டது: "இங்க இல்லாத எதைப் பாக்கப் போறீங்க? காசக் கரியாக்கவா?"

ஏன் இலங்கை? எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து வெளிநாடு அதுதான். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பலாக மறுபடி ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒன்று ஞாபகம் வைங்க: வடகிழக்குப் பருவமழை சமயத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் தேதியைப் பார்த்து லீவு போடுங்கள். 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானமும் வந்துவிட்டது.

ஜெயங்கொண்டம், கும்பகோணம், திருவாரூர் என்று பஸ் மாறி முதல் நாள் இரவே நாகைக்குப் போய்த் தங்கினோம். ஆளுக்கு ஒரு முதுகுப் பை. எங்கள் ஊரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் கூப்பிடு தூரம் மாதிரி. ராஜேந்திரன் படையே கடல் தாண்டிப் போன மண்ணில் பிறந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வரை நாகப்பட்டினத்தைத் தாண்டாமல் இருந்திருக்கிறோம் என்று கப்பல் கிளம்பியபோது தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு அறை. காலையில் பாணும் சம்பலும். நல்லூர், கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட பொது நூலகம், குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு. பிறகு பஸ் மாறி மாறி பொலன்னறுவை. அங்கே சோழர் காலத்து வானவன் மாதேவி ஈச்சுரம் இருக்கிறது. சின்னக் கற்றளி. வாசலில் நின்றபோது என் மனைவி, "ஏங்க, நம்ம ஊர்ப் பக்கத்துக் கோயில் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

எட்டு நாள், இரண்டு பேர், எல்லாம் சேர்த்து 58,000-க்குள் முடிந்தது. தங்கியது 14,000, சாப்பாடு 10,000, மீதி கப்பல், விசா அனுமதி, இன்சூரன்ஸ், பஸ், நுழைவுக் கட்டணம்.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது மூன்றாம் நாள். ஓட்டோக்காரர் 200 இலங்கை ரூபாய் கூடக் கேட்டார். நான் வெயிலில் நின்று பேரம் பேசினேன், கிட்டத்தட்ட அரை மணி நேரம். நம் காசில் அறுபது ரூபாய்கூட இல்லை. என் மனைவி, "இந்த அறுபது ரூபாய்க்காகவா வந்தோம்?" என்றாள். நான் வழக்கம்போல் "பட்ஜெட்டுன்னா பட்ஜெட்" என்றேன்.

அன்று இரவு அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள். தன் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பணத்தை எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு வருகிறாளாம். "ஏன், என்கிட்ட கேட்டா தரமாட்டேனா?" என்றேன். "உங்ககிட்ட கேட்டா காசு வரும். கூடவே ஒரு எக்செல் ஷீட்டும் வரும். அதுக்குப் பயந்துதான் கேக்கிறதில்ல."

ஆயிரக்கணக்கான பேருக்குக் குடும்ப பட்ஜெட் சொல்லிக் கொடுக்கிறவன் வீட்டில் இந்த நிலைமை. வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு வந்தே இருக்காது. அவள் அடுப்படியில், நான் லேப்டாப்பில் என்று போயிருக்கும். ஒரு பை, ஒரு பர்ஸ், ஒரு அறை என்று எட்டு நாள் இருக்கும்போது, யார் எதற்கு அஞ்சுகிறார்கள், யாருக்கு எது முக்கியம் என்று மறைக்க முடியவில்லை. பேக்கேஜ் டூரில் இது நடக்குமா என்பது சந்தேகம். அங்கே எல்லா முடிவையும் டூர் மேனேஜர் எடுத்துவிடுவார். முதுகுப் பைப் பயணத்தில் எங்கே சாப்பிடுவது, பஸ்ஸா ஓட்டோவா என்று நாளுக்குப் பத்து தடவை சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நான் 58,000 கொடுத்தேன் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு லாபம்தான்.

ஆடிட்டராக நான் சொல்ல வேண்டியவை

1. வெளிநாட்டுப் பயணத்துக்கு, உங்களுக்கோ வேறு யாருக்கோ, ஒரு நிதியாண்டில் மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், உங்கள் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் வருமான வரி ரிட்டர்ன் கட்டாயம். மகன் மருமகளுக்கு ஹனிமூன் டிக்கெட் போட்டுத் தரும் அப்பாக்களும் இதைக் கவனியுங்கள்.

2. டூர் ஆபரேட்டரிடம் வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டில் அது 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. அந்தக் கணக்கில் 2 லட்சம் பேக்கேஜ் என்றால் 10,000. இது கூடுதல் வரி அல்ல, உங்கள் பான் கணக்கில் நிற்கும் முன்பணம். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். ஆனால் மனைவி பெயரில் புக் செய்துவிட்டு, அவர் ரிட்டர்னே போடவில்லை என்றால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். டிக்கெட்டை ஓரிடத்திலும் தங்குமிடத்தை வேறிடத்திலும் நீங்களே தனித்தனியாக எடுத்தால் அது பேக்கேஜ் ஆகாது.

3. எல்.டி.ஏ. சலுகை இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும். ஸ்டேட் வங்கி ஊழியர்கள் டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றி வந்து கேட்டுப் பார்த்த வழக்கில், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. நடுவில் மதுரையைச் செருகினால் உள்நாட்டுப் பயணம் ஆகிவிடாது.

4. பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப், அதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. மெஷினில் "இந்திய ரூபாயிலா, உள்ளூர் பணத்திலா" என்று கேட்டால் உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. வந்திருக்கிறது, ஆனால் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காதீர்கள்.

5. டிராவல் இன்சூரன்ஸ் இருவருக்கும் எடுங்கள். சில நூறு ரூபாயை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

யார் போகக் கூடாது?

கிரெடிட் கார்டு பாக்கியை மினிமம் ட்யூ கட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள். ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி இல்லாதவர்கள். நகையை அடகு வைத்துப் போக நினைப்பவர்கள். முதலில் இதையெல்லாம் சரி செய்யுங்கள். இதில் நான் மாறவே இல்லை.

ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தும், எஸ்.ஐ.பி.யும் ஓடிக்கொண்டிருந்தும், "பொண்ணு படிப்பு முடியட்டும், வீட்டு லோன் முடியட்டும், ரிட்டயர் ஆகட்டும்" என்று தள்ளிப் போடும் தம்பதிகளுக்குச் சொல்கிறேன். மாதம் 2,500 ரூபாய்க்கு 24 மாத ஆர்.டி. ஒன்று இருவர் பெயரிலும் தொடங்குங்கள். எங்களுக்கு ஆன செலவு அதில் வந்துவிடும். எந்த ஊர் என்பதை உங்கள் துணை முடிவு செய்யட்டும்.

அந்தப் பழைய வீடியோவை நீக்கவில்லை. தம்ப்நெயிலை மட்டும் மாற்றிவிட்டு, முதல் கமென்ட்டாக இந்தக் கட்டுரையைப் பின் செய்திருக்கிறேன். அந்த அம்மாவையும் அவர் கணவரையும் காரில் நாகூர், வேளாங்கண்ணி வரையாவது கூட்டிப் போய் வர முடியுமா என்று அவர்கள் டாக்டரிடம் கேட்டிருக்கிறோம். கடல் தாண்ட முடியாது. கரை வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்படித் தள்ளிப் போட்ட பயணம் எது? கமென்ட்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் எங்கள் 58,000 ரூபாய்க்கும் வரி வரியாகக் கணக்கு காட்டுகிறேன். இந்த முறை ஷீட்டைப் போடப் போவது என் மனைவி.